விமானம் கைக்கு வந்தது, வரைபடம் வரவில்லை

"இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய போர் விமானத்தைப் பழுதுபார்க்க, ராணுவம் ஏன் தயாரித்த நிறுவனத்தையே நம்பியிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரவைச் சேர்த்து வாங்காததால்தான். அமெரிக்காவின் எஃப்-35 விமானத்துக்கு 2001-இல் அதைத் தயாரிக்கும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டபோது, வரைபடம், பழுதுநீக்கும் முறை போன்ற தொழில்நுட்பத் தரவுகளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் முழுமையாகக் கேட்டுப் பெறவில்லை. போட்டி இருக்கும்போது கேட்டால் விலை படியும். ஒருவரே மிஞ்சிய பிறகு அவர் சொன்னதுதான் விலை. அங்கே அரசுப் பணத்தில் மட்டும் உருவான தரவில் அரசுக்கு வரம்பில்லா உரிமை உண்டு. ஆனால் அந்தத் தரவுக் கோப்பை ஒப்படைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், உரிமை இருந்தும் கோப்பு கைக்கு வராது. பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், பராமரிப்பு. 2018 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எஃப்-35 உதிரிபாகங்கள் தொலைந்ததாக, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023-இல் சொன்னது. மதிப்பு 8.5 கோடி டாலருக்கு மேல். அந்த உதிரிபாகக் கையிருப்பு பென்டகனின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்படவே இல்லை. கணக்கு நிறுவனத்திடம்தான் இருந்தது. எனக்கு இதுதான் பெரிய வேதனை.

எனவே டெண்டரிலேயே எந்தத் தரவு, எந்த வடிவில், என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வந்த கோப்பை மெக்கானிக் ஒருவர் திறந்து, அதை வைத்தே ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.