பான்சோ, லைனர், ரெயின்கோட்: மலையேறுவோர் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் நம் வடசென்னை மலையேற்ற நண்பர்கள் கேட்டவை.

அண்ணா, ராணுவ பான்சோ லைனர் ஒன்று கிடைத்தது. மழைக்குப் போட்டுக்கொள்ளலாமா? (ராயபுரம்)

கூடாது தம்பி, தெப்பலாக நனைந்துவிடுவாய். பான்சோ என்பது தலைவழியே மாட்டிக்கொள்ளும் அகலமான மழை அங்கி. லைனர் அதன் உள்ளே கட்டும் ஒரு போர்வை. இரண்டு நைலான் துணிகளுக்கு நடுவே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்தது. வியட்நாம் போர்க்காலத்தில், 1960களில், அமெரிக்க ராணுவத்தில் புழக்கத்துக்கு வந்தது. நனைந்த கம்பளியைப் போலக் கனக்காது, சீக்கிரம் காயும். ஓரத்து நாடாக்களைப் பான்சோவின் வளையங்களில் கட்டினால் வெளியே மழை நிற்கும், உள்ளே கதகதப்பு தங்கும். லைனரே நனைந்துபோனாலும் பிழிந்து உதறிப் போர்த்திக்கொள்ளலாம். கொஞ்சமாவது சூடு தரும்.

லைனர் ஒன்றே குளிருக்குப் போதுமா? (வியாசர்பாடி)

எந்த மலை என்பதைப் பொறுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஏலகிரிக்குப் போதும். வெள்ளியங்கிரி உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரும்போது இதைப் போர்த்திக்கொண்டால் அருமை. ஜனவரியில் ஊட்டியில் கூடாரம் போடுவதென்றால் போதாது. ஸ்லீப்பிங் பேக் வேண்டும்.

விலை உயர்ந்த, காற்றோட்டமுள்ள மழைச்சட்டை வாங்கினேன். உள்ளே சட்டை சொட்டச் சொட்ட நனைகிறது. ஏமாற்றிவிட்டார்களா, அண்ணா? (பெரம்பூர்)

ஏமாற்று இல்லை. அது குளிர்நாட்டுக்கு ஏற்ற சரக்கு. அந்தச் சட்டைத் துணிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு உடலின் ஆவியை வெளியே விடுவதற்கு, உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். நம் பக்கத்து மழைநாளில் வெளியேயும் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது. அப்புறம் வியர்வை எங்கே போகும்? கனமான மூட்டையோடு செங்குத்தாக ஏறுகிறவர் மழையைவிட வியர்வையால்தான் அதிகம் நனைகிறார். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

தாழ்ந்த மலைக் காடுகளுக்கு என் தேர்வு பான்சோதான். பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று புகும். முதுகுப்பையையும் சேர்த்து மூடும். தங்குமிடத்தில் கயிறு கட்டினால் கூரையாகும். குறையும் உண்டு. பலமான காற்றில் படபடக்கும், முள்ளில் மாட்டும், பாறையில் இறங்கும்போது பாதத்தை மறைக்கும். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். காற்று அறையும் மலைமுகட்டுப் பாதை என்றால் மழைச்சட்டைக்கே என் ஓட்டு. அக்குள் ஜிப் உள்ளதாகப் பாருங்கள்.

பழைய ரெயின்கோட்டின் உள்பக்கம் பிசுபிசுக்கிறது, செதிலாக உதிர்கிறது. சரி செய்யலாமா? (எண்ணூர்)

முடியாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்துவிட்டது. தூக்கிப் போடுங்கள். புதியதை ஈரத்தோடு மடித்துப் பரணில் திணிக்காமல், நிழலில் நன்றாகக் காயவைத்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். சூரிய ஒளியும் ஆகாது.

ராணுவப் புள்ளிநிறத் துணி அணிந்தால் தவறா? (கொளத்தூர்)

படைவீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆவது பிரிவாக இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. அந்த நோக்கம் இல்லாவிட்டாலும் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லி நிற்பானேன்? தவிர, பனிமூட்டத்தில் வழி தவறினால் தேடுகிறவர் கண்ணில் பட வேண்டாமா? ஆரஞ்சு வாங்குங்கள்.

முதுகுப்பைக்கு மழை உறை போட்டும் மகனின் துணியெல்லாம் நனைந்து வருகிறது, தம்பி. (திருவொற்றியூர்)

உறை வெளிப்பக்கத்தை மட்டும்தான் மறைக்கும், அம்மா. முதுகோடு ஒட்டும் பக்கத்தில் தண்ணீர் வழிந்து இறங்கும். கெட்டியான பெரிய பாலிதீன் பை ஒன்றைப் பைக்குள்ளேயே விரித்து, துணியையும் லைனரையும் அதில் வைத்து, வாயை முறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கிழியும்வரை அதே பையைப் பயன்படுத்தலாம். காட்டில் மட்டும் விட்டுவிட்டு வரக் கூடாது.

லைனரை எப்படித் துவைப்பது? (கொடுங்கையூர்)

குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு. வெந்நீரும் இஸ்திரியும் வேண்டாம், நைலான் சுருங்கிவிடும்.