பேரனுக்கு ஓ குரூப் எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு பி பாசிட்டிவ், கணவருக்கு ஏ பாசிட்டிவ். பள்ளியில் டெஸ்ட் எடுத்ததில் மகனுக்கு ஓ பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்கும் ஓ பாசிட்டிவ்தான். இப்படி நடக்குமா? – ஒரு வாசகி, காசிமேடு

பதில்: தாராளமாக நடக்கும், தங்கச்சி. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி, 30 வருஷம் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். இதே மாதிரி ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வெள்ளை டைலில் ரத்தச் சொட்டுகளை வைத்து, ஒன்றில் நீல மருந்து, இன்னொன்றில் மஞ்சள் மருந்து விடுவோம். ஏ என்றால் நீலத்திலும், பி என்றால் மஞ்சளிலும் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகக் கட்டும். ஓ என்றால் இரண்டும் கட்டாமல் அப்படியே கிடக்கும். அதாவது ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை.

ஆனால் இந்த டெஸ்டில் பாதிக் கதைதான் தெரியும். ஒவ்வொருவருக்கும் அப்பாவிடமிருந்து ஒரு ஜீன், அம்மாவிடமிருந்து ஒரு ஜீன். ஏ-யோடு ஓ சேர்ந்தால் ஏ மட்டும்தான் வெளியே தெரியும். பி-யோடு சேர்ந்தாலும் அப்படித்தான். 1924-ல் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் கண்டு சொன்ன கணக்கு இது. மாமியாருக்கு இரண்டுமே ஓ. மகனுக்கு அவர் கொடுக்க ஓ-வைத் தவிர வேறு கிடையாது. ஆக, உங்கள் கணவரின் ஏ அவருடைய அப்பா கொடுத்தது, மறைந்திருக்கும் ஓ மாமியார் கொடுத்தது. உங்கள் பி-க்குப் பின்னாலும் ஒரு ஓ இருக்கிறது. இரண்டு ஓ-வும் பிள்ளையிடம் சேர, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

உங்கள் இருவரில் ஒருவருக்கு ஏபி என்றிருந்தால், அவரிடம் பிள்ளைக்குக் கொடுக்க ஓ இருக்காது என்பதால், மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் ஓ என்றே வந்தால் 'பாம்பே குரூப்'பா என்று பார்க்க வேண்டும். 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே கண்டுபிடித்தது. வழக்கமான டெஸ்டில் ஓ மாதிரியே தெரியும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் வீட்டு விஷயம் அது இல்லை.

சரி, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். முதல் ஓ-வை அவர் பெயருக்குக் கீழே எழுதுங்கள்.