செல்ஃப் எடுக்கல, ஏசி கூலிங் இல்ல: பழைய லாரிக்காரங்க கேட்டதும் என் பதிலும்

கேரள எல்லைச் சோதனைச்சாவடி இருக்கிற வாளையாருக்கு இந்தப் பக்கம், க.க.சாவடியில ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வெச்சிருக்கேன். லாரி வேலைதான் அதிகம். பழைய வண்டிகள்ல கம்பெனி ஏசி கிடையாது, எல்லாம் அப்புறமா வெளிப் பட்டறையில மாட்டினது. அதனால ஏசி கோளாறும் செல்ஃப் (இன்ஜினைச் சுத்தி எழுப்புற ஸ்டார்ட்டர் மோட்டார்) கோளாறும் பாதி நேரம் ஒரே வயர்ல இருந்துதான் வருது. பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, கஞ்சிக்கோடு பக்கமிருந்து வந்த கேள்விகள்ல எல்லாருக்கும் உதவுறதை மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி (பொள்ளாச்சி, தேங்காய் லோடு): அண்ணா, 24 வோல்ட் வண்டி. ரெண்டு பேட்டரியும் புதுசு, அஞ்சு மாசம்தான் ஆச்சு. காலையில சாவி போட்டா டகடகன்னு அடிக்குது, செல்ஃப் சுத்தல. ஒரு பேட்டரியில மட்டும் தண்ணி சீக்கிரம் வத்துது. பேட்டரி டூப்ளிகேட்டா?

பேட்டரி மேல சந்தேகப்படாதீங்க தம்பி. ஒண்ணுல மட்டும் தண்ணி வத்துதுன்னு சொன்னீங்களே, அதுலயே விஷயம் இருக்கு. ரெண்டு பேட்டரியையும் சேர்க்கிற நடுக்கட்டையில இருந்து ஒரு வயர் கேபினுக்குள்ள போகுதான்னு பாருங்க. பாட்டு செட்டு, ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். அதுக்கு சுலபமா 12 கிடைக்கிற இடம் நடுக்கட்டை. சில பேர் கார் ஏசியோட 12 வோல்ட் புளோயரைக்கூட அங்கதான் கோத்து விடுறாங்க.

அப்படிக் கோத்தா எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் சேஸிஸ்ல சேர்ற பக்கம், இருக்கிற பேட்டரி மட்டும் கரையும். சார்ஜ் ஏத்துற டைனமோ ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் 28 வோல்ட் குடுக்கும். காலியான பேட்டரி அதுல 13 எடுத்துக்கும், நிறைஞ்ச பேட்டரி தலையில 15 ஏறும். 15 ஏறினது கொதிச்சுத் தண்ணி வத்தும், 13ல நின்னது சார்ஜே ஏறாம தகடு வெள்ளை படிஞ்சு கெடும். ஆறு மாசத்துல ரெண்டும் போயிரும்.

நீங்களே பார்க்கலாம். ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டியில, காலையில சாவி போடறதுக்கு முன்னாடி மீட்டரை ஒவ்வொரு பேட்டரியிலயும் தனித்தனியா வைங்க. முழு சார்ஜ்ல 12.6 இருக்கணும். 12.0 காட்டினா கால்வாசிதான் மிச்சம்னு வெச்சுக்கங்க. அப்புறம் வண்டிய ஓடவிட்டு மறுபடி பாருங்க. ரெண்டுலயும் 14 பக்கத்துல சமமா வரணும். நடுக்கட்டை வயரைக் கழட்டிட்டு, 24ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டு, 12 வோல்ட் சாமான் எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க. ரெண்டு பேட்டரியையும் பிரிச்சுத் தனித்தனியா சார்ஜ் ஏத்தி மாட்டுங்க. ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு மட்டும் ஜோடி போட்டுராதீங்க.

கேள்வி (கஞ்சிக்கோடு, டிப்பர்): ஒரே ஒரு 'டக்', அப்புறம் சத்தமே இல்ல. சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரே ரெண்டு தடவை மாத்தியாச்சு. பேட்டரி நல்லா இருக்கு.

இதே மாதிரி ஒரு டிப்பர் என் பட்டறைக்கு மூணாவது மோட்டாரோட வந்துச்சு. நான் மோட்டாரைத் தொடவே இல்லீங்க. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்ல வெச்சேன், இன்னொண்ணை செல்ஃப் மோட்டார் உடம்புல வெச்சேன். கிளீனரைச் சாவி திருப்பச் சொன்னேன். 4 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. அரை வோல்ட்டுக்கு மேல போகவே கூடாத இடம் அது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல வர்ற எர்த் பட்டையைக் கழட்டினா, வெளியில பளபளன்னு இருக்கு, போல்ட்டுக்கு அடியில பெயிண்ட், அதுக்கும் அடியில பச்சையும் வெள்ளையுமா மாவு. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேச்சு, புதுப் பட்டை போட்டு முறுக்கினதும் முதல் சாவியிலயே எடுத்துச்சு. பழைய மோட்டாருக்கு ஒரு குறையும் இல்ல. அந்த ஓனர் ரெண்டு மோட்டாருக்குக் குடுத்த காசை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பாருங்க. பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல, சாவி திருப்பும்போது எவ்வளவு விழுதுன்னு. ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்து, பேட்டரியும் 19க்குக் கீழ இறங்காம இருந்தா மட்டும் மோட்டாரைக் கழட்டிக் கார்பன், ஆர்மேச்சர் (உள்ள சுத்துற பாகம்) பாருங்க.

ஸ்குரூ டிரைவர் வெச்சு செல்ஃபை ஷார்ட் பண்றதை எல்லாரும் விட்டுருங்க. வண்டி கியர்ல இருந்தா அப்படியே முன்னாடி பாயும், கீழ இருக்கிற ஆள் மேலயே ஏறிரும்.

கேள்வி (கிணத்துக்கடவு): காலையில சுலபமா எடுக்குது. லோடோட வந்து டீக்கு நிறுத்தினா எடுக்க மாட்டேங்குது. அரை மணி கழிச்சு எடுக்குது.

சூட்டுல மட்டும் வர்ற கோளாறுன்னா மோட்டார் புஷ் (ஆர்மேச்சரைத் தாங்குற வளையம்) தேய்ஞ்சு ஆர்மேச்சர் உரசுறது வழக்கம். ஆனா முதல்ல சொலினாய்டோட சின்ன முனையில அளந்து பாருங்க. பேட்டரியில வோல்ட் நல்லா நின்னும், சாவி திருப்பும்போது அங்க 20க்குக் கீழ வந்தா சாவி சுவிட்ச்சும் அதோட வயரும்தான் காரணம். நடுவுல ஒரு ரிலே (பேட்டரியில இருந்து நேரா கரண்ட் விடுற சுவிட்ச்) போட்டா தீர்ந்துரும். அங்க வோல்ட் சரியா வருதுன்னா மோட்டாரைக் கழட்டிப் புஷ் மாத்துங்க. எடுக்கலைன்னா பதினஞ்சு செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ஒரு நிமிஷமாவது ஆற விடுங்க.

கேள்வி: செல்ஃப் 'ஙொய்'னு தனியா சுத்துது, இன்ஜின் அசையல.

பெண்டிக்ஸ் (செல்ஃப் முனையில இருக்கிற சின்னப் பல்சக்கரம்) வழுக்குது, இல்லைன்னா அது கடிக்கிற ரிங் கியர், பிளைவீலைச் சுத்தி இருக்கிறது, அதோட பல்லு போயிருச்சு. மோட்டாரைக் கழட்டினதும் அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிளைவீலை முழுசா ஒரு சுத்து சுத்திப் பாருங்க. இன்ஜின் நிக்கும்போது எப்பவும் ரெண்டு மூணு இடத்துலதான் நிக்கும், பல்லு அங்கதான் தேயும்.

கேள்வி (வேலந்தாவளம்): என் வீட்டுக்காரர் வண்டிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஏசி கேஸ் ஏத்துறோம். பழைய வண்டி அப்படித்தான் குடிக்கும்னு சொல்றாங்க. நிஜமாங்க?

நிஜம் இல்லீங்க அக்கா. ஏசி கேஸ் டீசல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல. குறைஞ்சுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. கேஸோட கொஞ்சம் ஆயிலும் சேர்ந்து வெளிய வரும், அதனால ஓட்டை இருக்கிற இடத்துல எண்ணெய் பிசுக்குல தூசி ஒட்டிக் கறுப்பா நிக்கும். ஹோஸ் சேஸிஸ்ல உரசுற இடம், ஹோஸ் முனை, கண்டென்சர் (முன்னாடி இருக்கிற, சூட்டை வெளிய விடுற ஏசி காயில்) மூலை, கம்ப்ரசர் முன்பக்க சீல், இந்த நாலு இடத்தையும் சோப்பு நுரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. லாரி குலுங்குற குலுக்கல்ல ஹோஸ்தான் முதல்ல போகும். மழைக்காலத்துல ஏசி போடாமலே விட்டா அந்த சீல் காஞ்சு ஒழுக ஆரம்பிக்கும். வாரத்துல ஒரு பத்து நிமிஷம் ஓட விடச் சொல்லுங்க.

ஓட்டையை அடைச்சதும் ஈரத்தை உறிஞ்சுற டிரையர் பாட்டிலை மாத்தணும், குறைஞ்சது அரை மணி நேரம் வேக்கம் போடணும் (பம்ப் வெச்சு உள்ள இருக்கிற காத்தை இழுக்கிறது), பம்ப்பை நிறுத்தின பிறகும் கேஜ் முள்ளு ஏறாம நிக்கணும். அதுக்கப்புறம்தான் கேஸ். இது எதையும் செய்யாம நேரா டின்னைச் சொருகுற கடைக்குப் போகாதீங்க. உங்க வண்டிக்கு ஆர்134ஏ. விலை குறைவுன்னு சமையல் கேஸ் வகையைச் சேர்ந்ததை ஏத்துறவங்களும் இருக்காங்க, அது தீப்பிடிக்கும். மூடின கேபின்ல ஆள் தூங்குற வண்டி அது, தயவு செஞ்சு வேண்டாம். வண்டி ஆறி நிக்கும்போது, 30 டிகிரியில, கேஜோட லோ பக்கம், ஹை பக்கம் ரெண்டு முள்ளும் 95, 100 பிஎஸ்ஐ பக்கத்துல இருக்கணும். அதை விட ரொம்ப மேல நின்னா காத்தோ வேற கேஸோ கலந்திருக்கு.

கேள்வி (ஒட்டன்சத்திரம் டு பாலக்காடு காய்கறி): ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு. வாளையார்ல வரிசையில நின்னா அனல் காத்து வருது.

2017ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி வாளையார்ல மணிக்கணக்கா நின்ன காலத்துல இந்தக் கோளாறைத்தான் தினமும் பார்ப்பேன். ஓடும்போது காத்து தானா கண்டென்சர்ல அடிக்குது, நின்னா ஃபேன்தான் இழுக்கணும். நிக்கும்போது ஹை பக்கம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டினா கண்டென்சர் மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். ஃபேன் சுத்துதான்னு பாருங்க, சுத்துற திசையையும் பாருங்க, வயர் மாத்திக் கொடுத்தா காத்தை எதிர்ப்பக்கம் தள்ளும். அடுத்தது தூசி. தேங்காய் நார்த்தூளும் சிமெண்டும் உள்ளுக்குள்ள பாய் மாதிரி படியும். உள்பக்கத்துல இருந்து வெளியே தள்ளுற மாதிரி, கம்மியான அழுத்தத்துல தண்ணி அடிங்க.

கேள்வி: அரை மணி நேரம் கூலிங் வருது, அப்புறம் போயிருது. நிறுத்தி ஆறவிட்டா திரும்ப வருது.

கூலிங் போகும்போது காத்தோட வேகமும் குறையுதா? குறைஞ்சா உள்ள கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது, தெர்மோஸ்டாட் வேலை செய்யல. காத்து அதே வேகத்துல சூடா வந்தா கம்ப்ரசர் கிளட்ச்சைப் பாருங்க. தகடு தேய்ஞ்சு இடைவெளி கூடிருச்சுன்னா, காயில் சூடானதும் இழுக்கிற பலம் பத்தாது. அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும். உள்ள இருக்கிற ஒரு ஷிம்மை (மெல்லிசான வாஷர்) எடுத்தா போதும், கம்ப்ரசர் மாத்த வேண்டியதில்ல.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): 2025ல இருந்து புது லாரிக்கு ஏசி கட்டாயம்னு வந்துருச்சே, என் 2008 வண்டிக்கும் மாட்டணுமா?

சட்டம் புதுசா செய்யிற வண்டிக்குத்தான், உங்களுதுக்கு இல்லீங்க. ஆனா பாலக்காட்டுல மார்ச், ஏப்ரல் வெயில்ல பகல் முழுக்க இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுறவருக்கு ஏசி ஆடம்பரம் இல்ல, மாட்டுங்கன்னுதான் சொல்வேன். மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வண்டியக் கொண்டு வாங்க. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு, இன்ஜினை ஐடில்ல விட்டு பேட்டரியில அளப்போம். அப்பவே 27க்குக் கீழ இறங்கினா, ஏசிக்கு வெச்சிருக்கிற காசுல முதல்ல பெரிய டைனமோ போட்டுக்கங்க.