பழைய கேம்களை இன்னும் யார் ஆடுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. வேலை முடிந்து வந்ததும் ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமை ஆட உட்கார்ந்துவிடுகிறார். நாங்கள் பள்ளியில் படிக்கும்போது ஆடிய அதே கேம்தான். எதிரில் ஆடுவது கம்ப்யூட்டர் இல்லை, உண்மையான ஆட்கள் என்று சத்தியம் செய்கிறார். 1999இல் வந்த கேமை ஆட இன்னுமா ஆள் இருக்கிறது?

பதில்: அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் என்ற ஆன்லைன் தளத்தில் மட்டும் சாதாரண நாளிலேயே ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் அந்த கேமுக்குள் இருக்கிறார்கள். அவர் ஆடுவது அநேகமாக 2019இல் புதுப்பித்து வெளியிட்ட 'டெஃபினிட்டிவ் எடிஷன்' ஆக இருக்கும். ஆனால் அது வரும்வரை கேமை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார் என்பதுதான் எனக்குச் சொல்ல ஆசையான விஷயம். 2000இல் 'தி கான்கரர்ஸ்' என்ற விரிவாக்கம் வந்தது, அதற்கு அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை, உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோவையே 2009இல் மூடிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்று தாங்களே புது நாகரிகங்களும் (ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கும் தரப்புகள்) மேப்களும் (ஆட்டக் களங்கள்) செய்து சேர்த்தார்கள். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் 2013இல் அதுவே அதிகாரபூர்வ விரிவாக்கமாக விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த பதிப்புகளை உருவாக்கியதிலும் அதே ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'வை அண்ணன் உங்களுக்குக் காட்டியிருக்கிறாரா? அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பிரித்து, திராவிடர்களைத் தனி நாகரிகமாகக் கொண்டுவந்தார்கள். சுருள்வாள் வீசும் வீரன், 'திரிசடை' என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு முழுப் படையெடுப்புக் கதை, எல்லாம் உண்டு. அதே வருடம் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே இந்த கேமுக்குப் பெரிய போட்டி நடத்தினார்கள். சின்ன வயது ஞாபகம் ஒருவரை இரண்டு வாரம் இழுத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேலும் ஒருவர் தினமும் உட்காருகிறார் என்றால் ஆட்டத்தில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: இருபது முப்பது வருடம் ஆடித் தீர்த்த பிறகு ஒரு கேமில் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கும்?

பதில்: நிறைய. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸையே எடுத்துக்கொள்வோம். நின்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். பெட்டிக்கு 1989இல் வந்த பதிப்பைச் சொல்கிறேன். அதில் 29ஆம் லெவலுக்குப் போய்விட்டால், நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தாலும் கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கீழே விழுந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவு வேகம். அதனால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று எல்லோரும் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். சிலர் பட்டனைப் பிடித்து வைக்காமல், கட்டைவிரலை நடுங்கவைத்து நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் தட்டிப் பார்த்தார்கள். எல்லை கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் வந்ததுதான் 'ரோலிங்'. ஒரு கைக் கட்டைவிரலைப் பட்டன்மேல் சும்மா வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுகிறார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலரே மேலே எழும்பி பட்டன் கட்டைவிரலில் மோதுகிறது. 2020ஐ ஒட்டிப் பரவிய இந்த ஒரு கைவேலை, மூடியிருந்த கதவைத் திறந்துவிட்டது. 138ஆம் லெவலிலிருந்து கேமை எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத நிறங்கள் வர ஆரம்பிக்கின்றன. சில லெவல்களில் கட்டை கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு இருட்டு. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157ஆம் லெவல் வரை போனான், அங்கே கேம் தாங்காமல் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஒரு மனிதர் அந்த கேமை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை, வெளியாகி 34 வருடம் கழித்து! அந்தப் பையன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னால் வந்த கேம் அது, அவனுக்கு அதில் ஞாபகம் என்று ஒன்றும் இருந்திருக்க முடியாது.

மூன்று இனங்கள் மோதிக்கொள்ளும் விண்வெளிப் போர் கேமான ஸ்டார்கிராஃப்ட் (1998), அதன் 'ப்ரூட் வார்' விரிவாக்கம், இவையும் இப்படித்தான். அந்த இனங்களுக்கு இடையிலான பலச் சமநிலையை 2001க்கு அப்புறம் யாரும் பெரிதாக மாற்றவில்லை. தென் கொரியாவில் இன்றைக்கும் அதற்குத் தொடர் போட்டிகள் நடக்கின்றன. ஓர் இனம் தொடர்ந்து ஜெயித்தால் மற்றவர்கள் அதை உடைக்க வழி கண்டுபிடிக்கிறார்கள், போட்டிக்கான மேப்களை மாற்றி அமைக்கிறார்கள். சதுரங்கத்தின் விதி மாறாமலே ஆடும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதே, அதுபோல.

கேள்வி: கிராஃபிக்ஸ் கண்றாவியாக இருக்கிறதே, எப்படித்தான் பார்க்கிறார்கள்?

பதில்: பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடுகிறவர் சுவரின் அழகைப் பார்ப்பதில்லை, சுவருக்குப் பின்னால் கேட்கும் காலடியைக் கவனிக்கிறார். ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் தடங்கலில்லாமல் ஓடுவது இன்னொரு பெரிய வசதி, அதனால்தான் அதை இன்னும் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். 2001இல் வந்த 'டஸ்ட் 2' மேப்பின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்கு மனப்பாடம்.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஆன்லைன் கேமை நிறுவனம் மூடிவிட்டது. அதைவிடப் பழைய கேம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் ஏன் செத்தது?

பதில்: சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். 1993இல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் மூல நிரலை (கேமை எழுதிய புரோகிராமை) அதை உருவாக்கிய 'ஐடி சாஃப்ட்வேர்' நிறுவனம் 1997 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதனால் புது கம்ப்யூட்டர், புது இயங்குதளம் எது வந்தாலும் யாராவது ஒருவர் டூமை அதில் ஓட வைத்துவிடுகிறார். வருடா வருடம் ரசிகர்களின் புது மேப்கள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் டூமை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2019இல் 'சிஜில்' என்று அதற்குப் புது மேப் தொகுப்பு வெளியிட்டார்.

உங்களுடைய கேமின் சர்வர் நிறுவனத்திடம் மட்டுமே இருந்திருக்கும். அவர்கள் சுவிட்சை அணைத்தால் முடிந்தது. 2014இல் வந்த 'தி க்ரூ' கார் பந்தய கேமுக்கு 2024இல் அதுதான் நடந்தது, தனியாக ஆடக்கூட வழியில்லாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025இல் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். சர்வரை என்றென்றைக்கும் நடத்தச் சொல்லவில்லை, மூடும்போது வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட ஒரு வழி விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

மூடிய கேமும் திரும்பி வந்திருக்கிறது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ஆன்லைன் கேம் 2012இல் மூடப்பட்டது, பிறகு ரசிகர்களே சர்வர் நடத்தினார்கள், 2024 ஜனவரியில் உரிமை வைத்திருக்கும் என்.சி.சாஃப்ட் அந்த 'ஹோம்கமிங்' குழுவுக்கே முறைப்படி அனுமதி கொடுத்தது. ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு ஆன்லைன் கேமின் கதை இன்னும் சுவாரசியம். மாற்றங்கள் பிடிக்காமல் ஆட்கள் விலகிப் போனார்கள், நிறுவனத்திடம் 2007 ஆகஸ்ட் மாத நிலையில் ஒரு பேக்கப் இருந்தது, வாக்கெடுப்பு நடத்தி 2013இல் அதையே 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று திறந்தார்கள். இன்றைக்கும் அதில் முக்கியமான புது விஷயம் சேர்ப்பதென்றால் ஆடுகிறவர்களிடம் ஓட்டு கேட்கிறார்கள்.

2001இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற நின்டெண்டோ சண்டை கேமில் ஆன்லைன் வசதியே கிடையாது. 2020இல் 'ஸ்லிப்பி' என்ற ரசிகர் தயாரிப்பு அதைக் கொண்டுவந்தது, அதுவும் புது கேம்கள் பொறாமைப்படும் அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கேள்வி: இன்றும் ஆடப்படுவதில் மிகப் பழையதாக ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்: நெட்ஹேக், 1987. படம் கிடையாது, திரை முழுக்க எழுத்தும் குறியும்தான். பொதுச் சர்வர்களில் யாராவது ஆடுவதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்கலாம், இலவசம்.

கேள்வி: ஆசையாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் இருபது வருட அனுபவசாலிகள். நேற்று வந்த நான் அடி வாங்கியே ஓடிவிட மாட்டேனா?

பதில்: முதல் சில ஆட்டங்களில் அடி விழும், மறைக்க மாட்டேன். ஆனால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் தரவரிசைப் புள்ளி பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறது, தோற்கத் தோற்க உங்கள் அளவுள்ளவர்களே எதிரில் வருவார்கள். ஆரம்பத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் 200 உணவு இருக்கும், ஒரு கிராமத்தாளுக்கு 50. ஆட்டம் தொடங்கிய நொடியில் நான்கு ஆட்களை வரிசையில் போடுங்கள், இருப்பவர்களில் இரண்டு பேரை வீடு கட்ட அனுப்புங்கள், குதிரைவீரனை ஆடு தேட விடுங்கள். அதற்குள் படை, கோட்டை என்று யோசிக்க வேண்டாம். தோற்றால் அந்த ஆட்டத்தின் ரெக்கார்டிங்கைத் திறந்து முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். ஆட்களை உருவாக்கும் நடுக் கட்டடமான டவுன் சென்டர் ஆள் உருவாக்காமல் எத்தனை தடவை சும்மா நின்றது என்று எண்ணுங்கள், அடுத்த ஆட்டத்தில் அதைக் குறைத்தால் போதும்.