பால் கணக்கும் பத்தாம் வகுப்பும்

அன்புச் சகோதரிக்கு,

சென்ற வாரம் டர்பனில், பண்ணையில் வீட்டுக்கல்வி கற்கும் உங்கள் மகன் மேற்படிப்பு ஆலோசனைக்காக என் எதிரே உட்கார்ந்திருந்தபோது நீங்கள் வெளியே காத்திருந்தீர்கள். உள்ளே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்னவாகப் போகிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்பவருக்கும் சங்கடம், பதில் சொல்பவருக்கும் சங்கடம். காலையில் எழுந்ததும் என்ன வேலை என்று கேட்டேன். 40 லிட்டர் பாலுக்கு 4 கிலோ பாலாடைக்கட்டி வரும் என்று ஆரம்பித்தவன், அந்த வாரத்துக் கறவை, விற்றது, கெட்டுப்போனது எல்லாவற்றையும் விரல் மடக்காமல் ஒப்பித்தான். பிறகு ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா கணக்கு ஒன்றை நீட்டினேன். பத்து நிமிடம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டுவாழ்வுப் பண்ணையில் வளர்ந்த பிள்ளை வெளியே போனால் எப்படிப் பிழைப்பான் என்று கேட்டிருந்தீர்கள். முப்பது பேரோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டு, யார் பாத்திரம் துலக்குவது என்று வாராவாரம் கூடிப் பேசித் தீர்த்தவன் எந்த விடுதியிலும் இருந்துகொள்வான். அதை விடுங்கள். வரும் ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கு அவன் கணிதம் எடுக்கப்போகிறானா, 'மேத்ஸ் லிட்டரசி' எடுக்கப்போகிறானா என்பதுதான் என் கவலை. இரண்டாவது பாடம் அன்றாடக் கணக்குக்குப் போதும். ஆனால் அதை எடுத்தவனுக்குப் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகள் எட்டாது. கணிதத்தில் சேர்ந்துவிட்டு முடியாவிட்டால் இறங்கிக்கொள்ளலாம். கீழிருந்து மேலே ஏறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சான்றிதழ் எதற்கு என்று பண்ணைப் பெரியவர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த விவாதம் நம் தென்னாப்பிரிக்காவில் நூறாண்டு பழையது. 1904இல் டர்பனை அடுத்த இனாண்டா பக்கம் 100 ஏக்கரில் காந்தி பீனிக்ஸ் என்ற கூட்டுவாழ்வுக் குடியிருப்பைத் தொடங்கினார். 1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே அவருடைய நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை வந்தது. நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே இருந்தன. மரியன்ஹில் கிறிஸ்தவத் துறவியர் மடத்தில் காலன்பாக் செருப்புத் தைக்கப் பழகிவந்தார்; அவரிடம் கற்ற காந்தி அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் காந்தியேதான், கப்பலிலும் சிறையிலும் கற்ற தமிழை வைத்துக்கொண்டு! பேச்சில் பிள்ளைகள்தாம் அவரைத் திருத்தியிருப்பார்கள்.

அவருடைய மூத்த மகன் ஹரிலால் முறையான படிப்பு வேண்டும் என்று மோதிப் பார்த்து, 1911இல் தந்தையைப் பிரிந்து இந்தியா போனார். 23 வயதில் மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார், தேறவில்லை. இரண்டாம் மகன் மணிலால் பின்னாளில் பீனிக்ஸுக்கே திரும்பி, 1920 முதல் 1956இல் இறக்கும்வரை 'இந்தியன் ஒப்பீனியன்' இதழை நடத்தினார். பள்ளிப் படிப்பு கிடைக்காத குறை தன் மகன்களுக்கு உண்டு என்பதையும், அதில் தன் பங்கு ஓரளவு இருப்பதையும் காந்தியே எழுதியிருக்கிறார். பெரியவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். உங்கள் மகனும் படித்துவிட்டுப் பண்ணைக்கே திரும்பலாம், யார் தடுக்கிறார்கள்?

மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கடைசியில் ஒரு பரீட்சை எழுதி வாங்கிவிடுவதில்லை. அது மூன்றாண்டுப் படிப்பு. பெரும்பாலான பாடங்களில் 25 சதவீத மதிப்பெண் பரீட்சைக்கு முன்பே செய்யும் வேலைக்கு. ஆகவே வீட்டுக்கல்வியில் தொடர்ந்தாலும் பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஐ.இ.பி., சகாய் (SACAI) என்னும் தேர்வு அமைப்புகளில் ஒன்றின் கீழ் வரும் ஒரு நிறுவனத்தில் அவனைப் பதிவு செய்துவிட வேண்டும். தவறவிட்டால், பெரியவர்களுக்கான சான்றிதழுக்கு 21 வயதுவரை காத்திருக்கலாம், ஹரிலால் கதைதான். மாகாணக் கல்வித் துறையில் வீட்டுக்கல்விக்குப் பதிவு செய்த கடிதம் இருக்கிறதா என்று கேட்டபோது நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

பட்டப்படிப்பு பிடிக்காவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரியில் சேர்ந்து தொழில் பழகவும் வழி உண்டு. குழாய்க்கிணற்று பம்ப்பின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வான் என்றீர்களே, அந்தக் காதுக்கு அங்கே மரியாதை உண்டு.

பணத்துக்கு இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். உயர்கல்வி மாணவர்களுக்கு அரசு தரும் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். நிதியுதவிக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் பண்ணையில் எல்லாருக்கும் ஒரே பணப்பெட்டி, யாரிடமும் சம்பளச் சீட்டு கிடையாது. உங்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு என்ன வந்து சேர்கிறது என்று பண்ணையிடம் எழுதி வாங்கிப் போலீஸ் நிலையத்தில் உறுதிமொழியாக முத்திரை வாங்கி வையுங்கள். வருடாவருடம் வாங்குங்கள். கடைசி வருடத்தில் தேடி அலைந்த பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை மறுபடி அவனை அனுப்புங்கள். அந்தப் பால் கணக்கு நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அல்ஜீப்ராவை அதிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.