விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்: போயோட்டியத் தலைக்கவசம்

கேள்வி: அலெக்சாந்தரின் குதிரைவீரர்களாக வேடமிட்டு வரலாற்று நிகழ்த்தல்களில் பங்கேற்கும் குழுவில் இருக்கிறேன். முகத்தை மூடும் கொரிந்தியத் தலைக்கவசம் எங்களுக்குப் பொருந்தாது என்பதால் பண்டைக் கிரேக்கத்தின் போயோட்டியாப் பகுதியின் பெயரைக் கொண்ட, முகத்தை மூடாத போயோட்டிய வகையைத் தேடினேன். ஒரு விற்பனையாளர் ‘அசல் வெண்கலம், கையால் செய்தது’ என்று சொல்லி முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்கிறார். படத்தில் விளிம்பு வெயில் தொப்பிபோல வட்டமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்த நிலையில் வாங்க வேண்டாம். போயோட்டியத் தலைக்கவசத்தின் உயிரே அதன் விளிம்பில்தான் இருக்கிறது. டைகிரிஸ் ஆற்றில் கிடைத்த ஒன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் விளிம்பு நெற்றிக்கு மேல் முன்னோக்கி நீண்டு, காதருகே மடிந்து இறங்கி, பின்கழுத்தின் மேல் சரிந்து விரிகிறது. நாட்டுப்புறத்தார் அணிந்த கம்பளித் தொப்பியை ஈரத்தோடு மடித்துவிட்டதுபோலவே தோன்றும். இஸ்தான்புல்லில் உள்ள ‘அலெக்சாந்தர் கல்பேழை’ என்ற பண்டைக் கல் சவப்பெட்டியின் சிற்பங்களிலும் இவ்வகையை அணிந்த குதிரைவீரர் உண்டு. பார்வையை மறைக்காமல் காப்பது என்பதாலேயே கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் இதைக் குதிரைவீரருக்குப் பரிந்துரைத்தார். அந்த மடிப்புகளைத் தகட்டில் எழுப்புவதே கடினமான வேலை. வட்ட விளிம்பு வைத்தவர் அந்த வேலையைத் தவிர்த்திருக்கிறார். ஆகவே, எந்த அருங்காட்சியகப் பொருளைப் பார்த்துச் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

அடுத்தது உலோகம். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. சந்தையில் ‘வெண்கலம்’ என்ற பெயரில் பித்தளை விற்கப்படுவது வழக்கமாகிவிட்டது. புதிய குத்துவிளக்கின் மஞ்சள் நிறம் தெரிந்தால் ஐயப்படுங்கள். உறுதி வேண்டுமென்றால், நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்-கதிர் கருவி சில நிமிடங்களில் கலவையைக் காட்டிவிடும். நிகழ்த்தலுக்குப் பித்தளை வாங்குவதில் தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் பித்தளை என்று சொல்லி, பித்தளையின் விலைக்கு விற்க வேண்டும்.

‘கையால் செய்தது’ என்பதற்கும் பொருள் கேளுங்கள். கன்னார் ஒருவர் ஒரே தகட்டைக் காய்ச்சி, தட்டி, இறுகியதும் மீண்டும் காய்ச்சி எழுப்புவது ஒன்று. இரண்டு பாதிகளைப் பற்றவைத்து இணைப்பைத் தேய்த்து மறைப்பது வேறு. வெளிப்புறம் மெருகில் மறைந்துவிடும், உட்புறம் மறையாது. மெருகிடாத உட்புறத்தின் படத்தைக் கேட்டு வாங்கி, உச்சியில் நேர்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

அளவில் பலரும் ஏமாறுவது உள்ளுறையால். கம்பளி அல்லது தோல் உள்ளுறையை அணிந்துகொண்டே தலைச்சுற்றளவை எடுத்து அனுப்புங்கள். உலோகக் கலவை, தகட்டின் தடிமன், செய்முறை, முடிக்கும் நாள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பிறகு பாதித் தொகை கொடுங்கள். மீதியை உட்புறப் படம் வந்த பின் கொடுத்தால் போதும்.