குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டுக்கு விண்ணப்பிப்பது வீண் வேலையா?

இல்லை. அமெரிக்காவில் குடியேறிய எளிய குடும்பங்கள் பல, கட்டணத்தைப் பார்த்ததுமே ஹார்வர்டு, யேல் பக்கம் திரும்புவதில்லை. அவர்கள் அறிய வேண்டிய சொல் ‘நீட் பிளைண்ட்’ (நம் ஊர் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் வீட்டில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை என்று பொருள். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி எண் போடுகிறோமே, அதைப் போல.

ஹார்வர்டு இப்படிச் செய்வது தர்ம சிந்தனையால் மட்டுமல்ல, அதற்கான பணமும் அதனிடம் இருக்கிறது. ஹார்வர்டின் அறக்கட்டளை நிதி 5,000 கோடி டாலருக்கு மேல். உதவித்தொகையில் பெரும்பங்கு அந்த நிதியிலிருந்தே வருகிறது. 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் இருக்கும் குடும்பம் பொதுவாக இளநிலைப் படிப்புக்கோ விடுதிக்கோ சாப்பாட்டுக்கோ எதுவும் கட்ட வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவருக்கும் இதே விதிதான். சிலருக்கு, வீட்டருகே உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட ஹார்வர்டே மலிவாக முடியும்! விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.

ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம்: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் என்றால் பணவசதியையும் பார்த்தே இடம் தருபவை அங்கே ஏராளம்.